முற்றத்தில் ஓடிய நைல்

ஜூலை 7, திங்கள்

ஐந்தாம் வகுப்பில் உலகப் படத்தை மாட்டி, நைல் நதி தெற்கே பிறந்து வடக்கே ஓடுகிறது என்றேன். செம்மொழி எழுந்தாள். "வடக்கு மேல இருக்கே டீச்சர், தண்ணி எப்படி ஏறும்?" படத்தில் மேலே இருப்பதெல்லாம் மேடாம்! வகுப்பே அவள் பக்கம். தண்ணீர் கிழக்கே தவிர எங்கும் போகாது என்று அடித்துச் சொல்கிறார்கள். கிழக்கே ஓடும் நம்மூர் வாய்க்காலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், வேறென்ன சொல்வார்கள்? "செஞ்சு பாத்துடுவோமா?" என்றேன். ஒரே கூச்சல்.

ஜூலை 8

முற்றத்தில் மண்ணால் ஆப்பிரிக்கா. நூறு மீட்டர் உயரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் — கணக்குப் பாடமும் ஆயிற்று. விக்டோரியா ஏரி பதினோரு சென்டிமீட்டர். தாழ்ந்து கிடக்கும் நம்மூருக்கு? "கோலமாவு தூவினா போதும் டீச்சர்" என்றாள் ஃபஹ்மிதா. வாலு!

தலைமையாசிரியர் இளையபெருமாள் சார் சேற்றைப் பார்த்து முகம் சுளித்தார். "வெள்ளிக்கிழமை நானே வந்து கேள்வி கேப்பேன். பதில் வரலேன்னா திங்கள்லேருந்து அஞ்சாம் வகுப்பு எனக்கு. நீங்க என் ஒண்ணாம் வகுப்புக்குப் போயிடுங்க." அவர் வந்தால் மனப்பாடம்தான். என் பிள்ளைகளையா? விடமாட்டேன்.

ஜூலை 9

மானம் போயிற்று. ஏரியில் ஊற்றிய தண்ணீர் பாதி வழியில் கிழக்கே திரும்பிச் செங்கடலில் விழுந்தது. "சொன்னோம்ல!" என்று பிள்ளைகள் குதிக்கிறார்கள். சார் ஜன்னலில் நின்று பார்த்தார். எங்கேடி தப்பு பண்ணுனே, கலைமகள் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

ஜூலை 10

செம்மொழியைப் பள்ளியில் விட வந்த அவள் அம்மா அம்சம், மண் ஆப்பிரிக்காவைக் குனிந்து பார்த்தார். நடவு வேலைக்குப் போகிறவர். "தரையே கிழக்க சாயுதுங்களே டீச்சர். மட்டம் பாக்காமலா மண்ணைக் கொட்டுனீங்க?"

அட! சாய்ந்த தரையிலிருந்தே எல்லா உயரத்தையும் அளந்திருக்கிறேன். வெட்கக்கேடு, நானும் இந்த ஊரில் பிறந்தவள்தான்! வயலில் செய்வதுபோல் சுற்றிலும் வரப்புப் போட்டுத் தண்ணீர் கட்டினோம். தண்ணீர் நின்ற மட்டத்தைக் குச்சிகளில் குறித்து, அதிலிருந்து பிள்ளைகள் மறுபடி அளந்து மண் போட்டார்கள். ஃபஹ்மிதா சட்டென்று நிமிர்ந்தாள். "கடல் மட்டத்திலேருந்து உயரம்னு புத்தகத்துல போட்டிருக்கே, அது இதானா டீச்சர்?"

இதானடி தங்கமே, இதேதான்!

ஜூலை 11, வெள்ளி

ஓடியது! வடக்கே! எகிப்து வரைக்கும்!

சார் கேட்டார். "நைல் ஏன் வடக்க ஓடுது?"

"தெற்குல மேடு சார். படத்துல மேல இருந்தா மேடுன்னு அர்த்தமில்ல, மட்டம் பாக்கணும்" என்றாள் செம்மொழி. சொன்னதோடு விட்டாளா? குவளையையும் நீட்டினாள். சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊற்றினார். மத்தியதரைக் கடல் வரை தண்ணீரோடு கூடவே நடந்தார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார். மனுஷன் முடிவைச் சொல்லிவிட்டுப் போனால் என்ன?

ஜூலை 14, திங்கள்

பள்ளிக்குள் நுழைந்ததும் அறிவிப்புப் பலகைக்கு ஓடினேன். நேர அட்டவணையில் ஐந்தாம் வகுப்புக்கு நேரே என் பெயர்தான் இருந்தது. அப்பாடா! வெளியே வந்தால், முற்றத்தில் சார், கையில் மண்வெட்டி, சுற்றிலும் ஒன்றாம் வகுப்பு.

"தென் அமெரிக்கா போடப் போறோம் டீச்சர். அமேசான் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்கணுமாம் இதுங்களுக்கு."

நான் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து செம்மொழி கேட்டாள். "மட்டம் பாத்தீங்களா சார்?"

சார் மண்வெட்டியைக் கீழே வைத்தார். "இல்லம்மா. வந்து பாத்துக் குடு."