பாசிப் புத்தகம் வாங்கிய கதை

பூம்பாறை,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் சௌம்யாவுக்கு அப்பா எழுதுவது. குழந்தை வேலப்பர் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அம்மாவும் சிவப்பியும் போன வியாழக்கிழமை அவள் போட்ட காளைக்கன்றும் சுகமாக இருக்கிறோம், அங்கே வடக்கே ஓகாக் கடற்கரையில் அந்த உப்புக் காற்றில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குத் தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் மடித்து வைத்து அனுப்புகிறான் என்று யோசிப்பாய். போனில் நீ அழ ஆரம்பித்தால் நான் உடனே மழையைப் பற்றிப் பேசப் போய்விடுகிறேன், எழுத்தில் அப்படித் தப்பிக்க முடியாது. அதோடு நான் இப்போது இருக்கிற சந்தோஷத்துக்கு, டவர் கிடைத்துச் சொல்லி முடிப்பதற்குள் பாதி ஆறிப் போய்விடும். ஆகவே இதை முழுசாகப் படி, நடுவில் புத்தகத்தைப் புரட்டப் போய்விடாதே.

ஊர் விஷயம் முதலில். கேரட் பாத்தியில் காட்டுமாடு மூன்று புகுந்து பாதியைத் தின்றும் மீதியை மிதித்தும் போய்விட்டது, பூண்டுப் பக்கம் வரவில்லை, அந்த மட்டுக்கும் நல்லது. உன் அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் குறைந்தது என்று சொன்னால் கோபம் வருகிறது. உன் அம்மா வழக்கம்போல. நீ அனுப்பிய வெள்ளைப் பூப்போட்ட ஸ்வெட்டரை இன்னும் கவரோடு வைத்திருக்கிறாள், கேட்டால் விசேஷத்துக்கு என்கிறாள், விசேஷத்துக்கு யார் ஸ்வெட்டர் போடுகிறார்கள் என்று நான் கேட்பதில்லை.

இப்போது கதைக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் நீ போன் பண்ணிச் சொன்னதெல்லாம் எனக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது. இருபது கடல்பாசியைத் தட்டில் வைத்துப் பெயர் எழுதச் சொன்னார்கள், நீ பதினொன்றைத் தப்பாக எழுதிவிட்டாய், வருகிற பதினெட்டாம் தேதி இன்னொரு தடவை வைப்பார்கள், அதில் தேறினால்தான் அந்தக் கடல்பாசிக் கணக்கெடுப்பு வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்கு. அது எனக்குப் புரிந்தது. ஆனால் நீ அதற்கு மேல் ஒன்று சொன்னாய், "நெறத்தப் பாத்து ஏமாந்துட்டேன்பா, எந்தப் புத்தகத்த வச்சுப் படிக்கிறதுன்னே தெரியல, நான் பதினஞ்சாம் தேதி ரயிலுக்கு டிக்கெட் போட்டுட்டேன்" என்றாய். டெஸ்ட் பதினெட்டு, ரயில் பதினைந்து. எழுதாமலே வந்துவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டாய். நான் என்ன சொன்னேன்? நல்ல மழை தாயி என்று சொன்னேன்.

மறுநாள் வெள்ளனே எழுந்து கொடைக்கானல் பஸ் ஏறிவிட்டேன். ஏழு ரோட்டுப் பக்கம் ஞானவேல் புத்தகக் கடை உனக்குத் தெரியும், பள்ளிக்கூட நோட்டு வாங்கின கடைதான். அவரிடம் போய், பாசியைப் பற்றிப் படம் போட்ட புத்தகம் வேண்டும், இடத்திலேயே நின்று பார்த்து இது இன்னது என்று கண்டுபிடிக்கிற மாதிரி இருக்க வேண்டும், என் மகளுக்கு என்று பெருமையாகச் சொன்னேன். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை, "அருமையான புத்தகம் இருக்குண்ணே, நம்ம மலைக்குன்னே போட்டது" என்று எடுத்துக் கொடுத்தார். நானும் ஒரு கேள்வி கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் காட்டினால் அவள் நாலு பக்கம் புரட்டிவிட்டு, "ஏங்க, இது நம்ம கெணத்து மேட்டுல கெடக்குற பாசியில்ல" என்றாள். பார்த்தால் மரப்பட்டையில், பாறையில், கல்சுவரில் பச்சைப் பச்சையாக. கடல் என்ற வார்த்தையை நான் கடையில் சொல்லவே இல்லை. நம் மலையில் பாசி என்றால் வழுக்கி விழ வைப்பது, வேறு என்ன. உன் அம்மா சிரித்துச் சிரித்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள், பாசிப்பயறு புத்தகம் வாங்கி வராமல் இருந்தீர்களே என்றாள்.

இங்கே ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். சிரித்து முடித்ததும் எனக்கு உள்ளே ஒரு நினைப்பு வந்தது. இதையே அனுப்பிவிடலாம் என்று. அப்பா பாவம் தெரியாமல் வாங்கிவிட்டார் என்று நீ நினைப்பாய், பதினைந்தாம் தேதி ரயில் ஏறிவிடுவாய், ஒருத்தரும் என்னைக் குறை சொல்ல முடியாது. மலையில் பிறந்தவளுக்குக் கடலில் என்ன சோலி என்று நீ கிளம்பின அன்றைக்குக் கேட்டவன்தானே நான். நீ போனில் அழுதபோது எனக்கு மனசு வலித்தது, அது உண்மை, ஆனால் வலிக்கும்போதே ஒரு ஓரத்தில் சந்தோஷமாகவும் இருந்தது. பிள்ளை வீட்டுக்கு வரப்போகிறாள் என்று. அந்தப் புத்தகத்தைக் கட்டி முகவரி எழுதி அலமாரியில் வைத்தும்விட்டேன். உன் அம்மா பார்த்துவிட்டாள். அவள் சத்தம் போடவில்லை, "தெரியாமத்தான் வாங்குனீங்க, சரி, தெரிஞ்சே அனுப்பாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள்.

மறுநாள் கட்டைப் பிரித்தேன். சரி, இந்த மாதிரிப் புத்தகம் எப்படித்தான் வேலை செய்கிறது என்று பார்ப்போம், அது தெரியாமல் அடுத்ததை மட்டும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று, மருந்து டப்பாவில் பொடி எழுத்துப் படிக்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பூண்டுக் காட்டுக் கல்சுவருக்குப் போய் உட்கார்ந்தேன். இங்கிலீஷ் எனக்குப் பத்தாம் வகுப்பு வரைக்கும்தான், ஆனாலும் அந்தப் புத்தகம் ரெண்டு ரெண்டு கேள்வியாகக் கேட்கிறது, நிமிர்ந்து நிற்கிறதா படர்ந்து போகிறதா, இலை காய்ந்தால் சுருள்கிறதா அப்படியே இருக்கிறதா என்று. ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னால் அடுத்த கேள்விக்கு அனுப்புகிறது. சௌம்யா, முப்பது வருஷமாக மண்வெட்டியால் சுரண்டி எறிந்த சுவர் அது, அதில் மூன்று சாதிப் பாசி இருக்கிறது! சத்தியமாக மூன்று. ஒன்று பொடிப் பொடியாக நிற்கிறது, ஒன்று கம்பளி மாதிரி படர்கிறது, இன்னொன்றுக்குப் பெயர் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. வழியில் போனவர்கள் எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று உன் அத்தையிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள், அத்தை தன் மகனை அனுப்பிவிட்டாள்.

பழனிக்குமார் ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்தான். உனக்கும் அவனுக்கும் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்பது உனக்கும் தெரியும், நடத்துகிறது நானும் அத்தையும்தான் என்பதும் உனக்குத் தெரியும், அதைப் பற்றி இங்கே நான் எழுதவில்லை. அவன் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, ஏறுங்க மாமா என்று கொடைக்கானலுக்கு அழைத்துப் போனான். ஞானவேல் பெரிய மனுஷன், தப்பு என்னுடையதும்தான் என்று கம்ப்யூட்டரில் தேடி மூன்று கடல்பாசிப் புத்தகம் வரவழைத்தார், வந்து சேரப் பத்து நாள் ஆனது. எது வேண்டாமோ அதைக் கசங்காமல் திருப்பிக் கொண்டு வாருங்கள் என்று மூன்றையும் கையில் கொடுத்துவிட்டார்.

இனிமேல்தான் விஷயம். எப்படிச் சோதிப்பது? கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம், திருச்செந்தூரில் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முங்கு போட்டதோடு சரி. நான் மளிகைக் கடையில் கடல்பாசிப் பாக்கெட் ஒன்று வாங்கி வந்து பிரித்து வைத்தேன், வெள்ளை வெள்ளையாகக் கீற்று, மூன்று புத்தகத்திலும் அப்படி ஒரு படம் இல்லை. பழனிக்குமார் தலையில் அடித்துக்கொண்டான். "மாமா, அது காச்சி எடுத்தது. இட்லியப் பாத்து நெல்லு என்ன ரகம்னு சொல்ல முடியுமா" என்றான். அப்போதுதான் உன் அம்மா உள்ளே போய், பொங்கலுக்கு நீ அட்டையில் ஒட்டி அனுப்பினாயே ஒரு காய்ந்த பாசி, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கொண்டு வந்து, பின்னால் நீ எழுதியிருந்த பெயர் தெரியாமல் கையால் மூடிக்கொண்டு எங்கள் முன்னால் வைத்தாள். பரீட்சை அதிகாரி மாதிரி உட்கார்ந்துகொண்டாள்.

முதல் புத்தகம் தலையணை கனம், படமெல்லாம் கண்ணைப் பறிக்கிறது, ஆனால் பாதிக்கு மேல் பனி விழுகிற நாட்டுக் கடல். அதை வைத்துக்கொண்டு நீ ஓகாவில் தேடினால் ஆயுசு பத்தாது. இரண்டாவது முழுக்க போட்டோ, பச்சை ஒரு பகுதி, பழுப்பு ஒரு பகுதி, சிவப்பு ஒரு பகுதி என்று நிறம் நிறமாகப் பிரித்திருந்தது, எனக்குச் சுலபமாகப் பட்டது. உன் அட்டையில் இருந்தது வெளுத்துப் போய் இளம்பச்சையாக இருந்ததா, நாங்கள் பச்சைப் பகுதியில் தேடித் தேடி மூன்று பெயர் சொன்னோம், மூன்றுக்கும் அம்மா இல்லை இல்லை என்று தலையாட்டினாள். அந்த போட்டோவெல்லாம் பெண் பார்க்க அனுப்புகிற போட்டோ மாதிரி, தண்ணீருக்குள் நல்ல வெளிச்சத்தில் அலங்காரமாக இருக்கும்போது எடுத்தது, கரையில் ஒதுங்கிக் காய்ந்து கிடக்கும்போது எப்படி இருக்கும் என்று ஒரு இடத்திலும் இல்லை.

மூன்றாவது ஒல்லிப் புத்தகம். வெறும் கோட்டுப் படம், நம் தேசத்துக் கரைகள் மட்டும், பார்க்க ஒரு அழகும் இல்லை. ஆனால் அது நிறத்தைக் கேட்கவே இல்லை! உருண்டையா தட்டையா என்றது. உருண்டை என்றேன். கிளை எப்படிப் பிரிகிறது என்றது. அடியில் பிடித்துக்கொள்கிற இடம் எப்படி என்றது, பழனிக்குமார் படித்துச் சொன்னபிறகுதான் தெரிந்தது, கடல்பாசிக்கு வேரே கிடையாதாமே, பூண்டுக்காரனுக்கு இதைவிட அதிசயம் என்ன வேண்டும், பூதக்கண்ணாடியில் பார்த்தால் சின்னதாக வட்டத் தட்டு ஒன்று. கிளை மேல் புடைப்பு உண்டா என்றது. உண்டு, கடுகு கடுகாக! ஏழாவது கேள்வியில் கிராசிலேரியா என்று வந்து நின்றது. அதுவும் சிவப்புப் பாசி இனம், காய்ந்தால் வெளுத்துப் பச்சையாகத் தெரியும், நிறத்தை நம்பாதே என்று கீழேயே எழுதியிருந்தது. பழனிக்குமார் பெயரைச் சொல்லி வாய் மூடவில்லை, உன் அம்மா கையை எடுத்துவிட்டாள். உன் கையெழுத்தில் அதே பெயர். நான் எழுந்து நின்று கத்திவிட்டேன், கன்று மிரண்டு கயிற்றை இழுத்துக்கொண்டது.

நீ எங்கே தடுக்கி விழுந்தாய் என்று அந்த நிமிஷம் எனக்கு விளங்கிவிட்டது. உனக்கு மூளை குறைச்சல் இல்லை தாயி, கடலுக்கு நீ பொருத்தமில்லாதவளும் இல்லை, நீ முதலில் பார்க்கக் கூடாததை முதலில் பார்த்திருக்கிறாய், அவ்வளவுதான். நானே பார்த்து ஏமாந்தேனே. முதலில் தொட்டு உருட்டிப் பார், கிளையைப் பார், அடியைப் பார், புடைப்பைப் பார், நிறத்தைக் கடைசியில் பார். இதோடு வருவது அந்த ஒல்லிப் புத்தகம்தான், பெருவிரல் ஈரமாக இருந்தால் பக்கம் ஒட்டும், அதனால் பக்கத்து நுனிகளில் மெழுகு தடவியிருக்கிறேன். உன் அம்மா என் பழைய மழைக்கோட்டை வெட்டிப் புத்தகத்துக்குப் பை தைத்திருக்கிறாள், கழுத்தில் மாட்டிக்கொள்ள நாடாவும் உண்டு, பார்க்க நன்றாக இல்லை என்று கழற்றிப் போட்டுவிடாதே. அந்த அட்டையையும் உள்ளே வைத்திருக்கிறேன், நீயே ஒரு தடவை ஏழு கேள்வியும் போட்டுப் பார்.

மற்ற இரண்டையும் திருப்பிக் கொடுக்கக் கொடைக்கானல் போகும்போது, வண்டியை ஓட்டியது பழனிக்குமார்தான். மலை வளைவு தாண்டினதும், "மாமா, இந்தப் புத்தகம் போனா அவ வரமாட்டா, தெரியும்ல" என்றான். தெரியும்டா என்றேன். "அப்ப வெரசா அனுப்புங்க" என்றான். அவ்வளவுதான் சொன்னான், அப்புறம் பாட்டைப் போட்டுவிட்டான். அவனைப் பற்றி நான் எழுதவில்லை என்று சொன்னேன், இருந்தாலும் இதை மட்டும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

மலைப் பாசிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை, அது எனக்கு. கிணற்று மேட்டில் இன்னும் இரண்டு கண்டுபிடித்திருக்கிறேன், பெயர்களை நோட்டில் எழுதி வருகிறேன், சிரிக்காதே.

வழுக்குப் பாறையில் ரப்பர் செருப்போடு நடக்காதே. காலையில் வெறும் டீயைக் குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்காதே. தலைக்கு எண்ணெய் வை, உப்புக் காற்றுக்கு முடி கொட்டும் என்று அம்மா எழுதச் சொன்னாள். வேலப்பன் உனக்குத் தெளிந்த கண்ணும் தைரியமும் தரட்டும், பதினெட்டாம் தேதி இருபதுக்கு இருபது எழுத என் ஆசீர்வாதமும் அம்மாவின் ஆசீர்வாதமும் உண்டு. பார்சல் பத்தாம் தேதிக்குள் வந்துவிடும் என்று கொரியர்காரர் சொல்லியிருக்கிறார். கையில் கிடைத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, பதினைந்தாம் தேதி டிக்கெட்டை ரத்துப் பண்ணு. வராதே தாயி.

இப்படிக்கு,
நீ எப்போது வருவாய் என்று தினமும் வாசலைப் பார்க்கிற உன் அப்பா,
திருமலைச்சாமி