அப்படியே கேட்டீங்களா?

மேடம், இன்று மத்தியானம் உங்கள் பரீட்சை அட்டையைப் பரணிலிருந்து இறக்கினேன். உண்மையில் அது என்னுடைய அட்டை, பள்ளிக்கூடத்திலிருந்து நான் கொண்டுவந்து கொடுத்தது. மூன்று வருஷம் அதை மார்போடு அணைத்துக்கொண்டு பூம்பாறை முழுக்க நீங்கள் நடந்ததில் உங்களுடையதாகிவிட்டது. கிளிப் துருப்பிடித்துக் கிடக்கிறது. முகர்ந்து பார்த்தேன், பூண்டு வாசனை இன்னும் போகவில்லை.

அதைத் தேட வைத்தது ஒரு பெண். மதுரைப் பக்கம் ஏதோ கல்லூரியில் பொருளாதாரம் படிக்கிறாளாம். விவசாயிகளிடம் கேள்வி கேட்க வந்த இடத்தில் பதில்களைக் குறிக்கும் டேப்லெட் சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டது, ஊரிலும் கரண்ட் இல்லை. "வச்சு எழுதுறதுக்கு அட்டை ஏதும் இருக்குமா டீச்சர்?" என்று வாசலில் நின்றாள். நீங்கள் முதல் முதலாக வந்து நின்றதும் இதே வாசல்தான்.

பங்குச் சந்தையில் பணம் போடுகிறவர்கள் நஷ்டத்துக்கு எப்படிப் பயப்படுகிறார்கள் என்று ஆராய்ந்து அதற்குள் நீங்கள் பெரிய பெயர் வாங்கியிருந்தீர்கள். பங்கு என்றால் என்னவென்றே தெரியாதவர்களும் அப்படித்தானா என்று பார்க்க மலையேறி வந்தீர்கள். உங்களுடையது டில்லியில் வளர்ந்த தமிழ். எங்கள் ஆட்கள் பேசினால் உங்களுக்குப் பாதிதான் புரியும், நீங்கள் பேசினால் அவர்களுக்கு அதுவும் புரியாது. ஆகவே நடுவில் நின்று கேட்டுச் சொல்கிற வேலை எனக்கு வந்தது. மூக்கையா அண்ணன் பூண்டுத் தோட்டத்தில் நீங்கள் வழுக்கி விழுந்து, எழுந்திருப்பதற்கு முன்னால் அட்டை நனையாமல் இருக்கிறதா என்று பார்த்ததை அவர் இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

எல்லாம் உங்கள் ஏழாவது கேள்வியால் வந்தது. "இந்தப் பூண்டு மொத்தமும் அழிந்துபோனால் என்ன செய்வீர்கள்?" பூண்டு மண்ணுக்குள் இருக்கும்போது அது போய்விடும் என்று எங்கள் வீடுகளில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். முதல் நாளே மூக்கையா அண்ணன் பெண்சாதி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "ஏன் டீச்சரு, நட்டு ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள இந்தப் பேச்சு எதுக்குங்க?" என்றார். மறுநாளிலிருந்து நான் கேள்வியை மாற்றிவிட்டேன். "வெளச்சல் கொஞ்சம் கொறஞ்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "அதுக்கென்னங்க, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றார்கள், வீடு தவறாமல்.

சாயங்காலம் கொடைக்கானல் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒவ்வொரு நாளும் நீங்கள் கேட்பீர்கள். "டீச்சர், அப்படியே கேட்டீங்களா?"

"அப்படியேதான் மேடம்."

கூசாமல் சொன்னேன். நீங்களும் குறித்துக்கொண்டீர்கள்.

மலை விவசாயிகள் நஷ்டத்துக்கு அஞ்சாதவர்கள் என்று உங்கள் கட்டுரை வந்தது. ஊர் ஊராகக் கூப்பிட்டு உங்களைப் பேச வைத்தார்கள். நன்றி சொன்ன வரியில் இருந்த என் பெயரை நான் அம்மாவிடம் காட்டிப் பெருமைப்பட்டேன். பிறகு ஒரு நாள் போன் செய்தீர்கள். பயிர்க் காப்பீட்டுக்கு யோசனை சொல்கிற குழு ஒன்று அந்தக் கட்டுரையைப் படித்திருக்கிறது, இந்த மலைக்காரர்களே நஷ்டத்தைத் தாங்கிக்கொள்வார்கள், இங்கே காப்பீட்டுக்கு அவசரமில்லை என்று எழுதப் போகிறார்கள் என்றீர்கள். அந்த வருஷம்தான் விடாத மழையில் மூக்கையா அண்ணன் பூண்டு அழுகி, அவர் மகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்தியிருந்தார். கேள்வியை மாற்றிக் கேட்டதைப் போனிலேயே சொல்லிவிட்டேன். "வருகிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டீர்கள்.

வந்து தோட்டத்துக் கல்கட்டில் உட்கார்ந்தீர்கள். திட்டுவீர்கள் என்று நின்றேன்.

"ஏன் அப்பவே சொல்லலை?"

"சொன்னா எங்கள மூடநம்பிக்கை பிடிச்சவங்கனு எழுதிருவீங்கனு பயம் மேடம்."

யோசித்தீர்கள். "எழுதியிருப்பேன்" என்றீர்கள்.

உங்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த ஒரு வார்த்தையில்தான். அதுவரை இருந்தது படிப்பைக் கண்ட பயம்.

சின்னதாக ஒரு திருத்தம் போட்டால் போதும் என்று உங்கள் சகாக்கள் சொன்னார்களாம். "தப்புன்னு தெரிஞ்ச பிறகும் வச்சிருந்தா அது ஆராய்ச்சி இல்லை டீச்சர், விளம்பரம்" என்றீர்கள். கட்டுரையை முழுதாகத் திரும்பப் பெற்றுக்கொண்டீர்கள். அழைப்புகள் குறைந்தன. நாம் மறுபடி வீடு வீடாகப் போனோம், அறுவடை முடிந்து பூண்டு வீட்டுக்குள் வந்த பிறகு. வரப்போகும் நஷ்டத்தைக் கேட்காமல் வந்துபோன நஷ்டத்தைக் கேட்டோம். மூக்கையா அண்ணன் தன் மகள் படிப்பு நின்ற கதையைச் சொல்லி முடிக்க அரை நாள் ஆயிற்று. அஞ்சாதவர் என்று ஒருவர்கூட இல்லை. அந்தக் குழுவும் எழுத நினைத்த வரியை விட்டுவிட்டது. அதற்குப் பிறகு, கடைசிவரை, ஒரு கேள்வியை எங்கே எப்போது கேட்கலாம் என்பதே உங்கள் ஆராய்ச்சியாகிவிட்டது.

ஆனால் திரும்பப் பெற்ற குறிப்பில், "கேள்வியைத் தவறாக அமைத்தவள் நான்" என்று எழுதியிருந்தீர்கள். என்னைப் பற்றிய பேச்சே இல்லை. "எந் தப்ப எதுக்கு நீங்க எடுத்துக்கிட்டீங்க?" என்று போனில் சண்டை போட்டேன். "அந்த ஊர்லயே இருந்து வாழ வேண்டியது நீங்கதானே டீச்சர்" என்றீர்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது. நீங்கள் காலமான செய்தியைப் பேப்பரில் படித்த அன்றைக்கும் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் பெண் அட்டையைத் திருப்பினாள். பின்பக்கம் உங்கள் பென்சில் கையெழுத்து, அடியில் உங்கள் பெயர். அவள் முகம் மலர்ந்தது.

"இவங்களப் பத்திப் படிச்சிருக்கேன் டீச்சர். கேள்விய தப்பாக் கேட்டு, பெரிய பேப்பர வாபஸ் வாங்குனவங்கதான?"

கட்டுரையை, பெயரை, அழைப்புகளை எல்லாம் இழந்தவர் நீங்கள். பாடத்தில் மிச்சம் இருப்பது இது.

"இல்லம்மா. அவங்க தந்த கேள்விய நாந்தான் மாத்திக் கேட்டேன். அப்படியேதான் கேட்டேன்னு தினமும் பொய்யும் சொன்னேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்சம் தயங்கி, "இத எழுதிக்கலாமா டீச்சர்?" என்று கேட்டாள்.

அட்டையை அவள் பக்கம் நகர்த்தினேன், மேடம்.

"எழுதிக்க. அப்படியே எழுதிக்க."