பாதுகாப்பா இருக்கா?

8.6.2008

அம்மாவுக்கு,

தோத்திரம். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

கோர்ட் உத்தரவுப்படி சனிக்கிழமைதோறும் ஷெர்லியை அவள் அப்பாவுக்குக் காட்டுகிற மையத்தில் நேற்று சர்வே. அரசு மானியத்தில் நடக்கிற இடமாம். எப்படி நடக்கிறது என்று விசாரிக்க ஒரு மேடம் வந்திருந்தார். மற்ற வாரங்களில் உன் மாப்பிள்ளை முன்வாசலில் வருவதற்குள் நான் பின்வாசலில் போய்விடுவேன். நேற்று, "எல்லாரும் குடும்பமா உக்காருங்க" என்று ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.

"இப்ப எங்கம்மா குடியிருக்கீங்க?"

நான் பக்கத்திலிருந்தவரைக் கண்ணால் காட்டினேன். மேடம் கையிலிருந்த தாளைப் பார்த்துச் சத்தமாகப் படித்தார்: "நத்தம் ரோடு, மாவு மில் மாடி. சரிதானம்மா?"

உன் மாப்பிள்ளை சிரித்தார்.

"இந்த இடம் உங்களுக்குப் பாதுகாப்பா இருக்கா?"

அதற்கும் அவரே முந்திக்கொண்டார். "ரொம்பப் பாதுகாப்பா இருக்குங்க மேடம்." அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

இன்று காலையில் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டோம். போன தடவை அவர் வந்து அழுததும், "பிள்ளையப் பாக்கத்தான கேக்குறாரு" என்று அதற்கு முந்தின வீட்டைச் சொல்லிக் கொடுத்தாயே, அவர் அங்கே வந்துபோன அன்றிலிருந்து ஷெர்லி என் இடது பக்கம் வந்து நின்றுதான் என்னைக் கூப்பிடுகிறாள். வலது காதில் கூப்பிட்டால் எனக்குக் கேட்பதில்லை.

மறுபடியும் வந்து அழுவார். காப்பி கொடு. வீடு எங்கே என்று கேட்டால் தெரியாது என்று சொல். நீ பொய் சொல்ல வேண்டியதில்லை.

உன் மூத்த மகள்