ஃபில்டர் மூடிமேல் நின்ற கிரேக்கன்

கேசவ்,

பிசிபேளாபாத் ஹாட்பேக்கில் இருக்கிறது. உன் கிரேக்கப் பொம்மைப் படையைப் போர் ஆட்டத்துக்கு எடுத்துப்போக உன் கூட்டாளி நாகேஷ் பதினோரு மணிக்கு வருகிறானாம்.

தட்டில் காய்ந்துகொண்டிருந்த காபிச் சக்கையைக் குப்பை என்று நினைத்துத்தான் நேற்றுக் கொட்டினேன். உன் பொம்மை வீரர்களின் காலடியில் மண்ணாக ஒட்டுவதற்கு வைத்திருந்தாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதற்காக ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருப்பாயா?

இன்று காலையில் பார்த்தால், காபி ஃபில்டர் மூடிமேல் ஒரு வீரன் நிற்கிறான். பொட்டு அளவுக் கேடயத்தில் நான் வாசலில் போடும் அதே சிக்குக் கோலம். ஆனால் ஈட்டியோ என்னைப் பார்த்து நீட்டியிருக்கிறது. இது சமாதானமா, இல்லை சக்கைக்குப் போட்ட காவலா? மூன்று தடவை திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் புரியவில்லை.

இன்றைய சக்கையைத் தட்டில் பரப்பி பால்கனியில் வைத்திருக்கிறேன். புறா கிளறாமல் பார்த்துக்கொள்.

நிருபமா

பி.கு: அந்த வீரனை என் கைப்பையில் எடுத்துப்போகிறேன். ஒருவன் குறைகிறானே என்று நாகேஷ் கேட்டால், என்னிடம் பிடிபட்டுவிட்டான் என்று சொல். நீ வாயைத் திறந்து பேசினால் விடுகிறேன்.