விளக்குக்கும் தூக்கம் வருது

திருவண்ணாமலை
8-9-1979, இரவு

மதிப்புக்குரிய எழுத்தாளர் வஜ்ரவேலன் ஐயா அவர்களுக்கு,

ஒன்பதாம் வகுப்பு மாணவி எழுதிக்கொள்வது. பெயரை எழுதப் பயமாக இருக்கிறது, மன்னிக்கவும். போர்வைக்குள் டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வரிகள் மேடும் பள்ளமுமாகப் போகும்.

‘இடிக்குரல்’ மாத இதழில் தாங்கள் எழுதும் ‘எண்திசைத் தெய்வங்கள்’ படக்கதையை ஒரு மாதமும் விடாமல் படிக்கிறேன். என் தோழி வேதாவின் அண்ணன் வாங்குவான். வேதா அதைப் பூகோளப் புத்தகத்துக்குள் வைத்துத் தருவாள். எங்கள் அப்பா ஆண்கள் பள்ளியில் தமிழாசிரியர். படக்கதையோடு பிடிபட்ட பையனைப் பெஞ்சு மேல் ஏற்றி, “இதைப் படிச்சா உனுக்கு மார்க்கு வருமா, கொம்பு வருமா?” என்று கேட்பவர். பையன் பதில் சொல்லும் வரை இறக்க மாட்டாராம்.

எட்டுத் தெய்வங்களின் சக்தியும், அதற்காக அவர்கள் இழந்ததும் எனக்கு மனப்பாடம். அனலனுக்கு உள்ளங்கையில் நெருப்பு வரும், ஆனால் அவன் யாரையும் தொட முடியாது. பாறையன் மலையைத் தூக்குவான், முழங்கால் தண்ணீரில் மூழ்கிவிடுவான். புயலோன் எங்கும் பறப்பான், பாவம், ஓரிடத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. இருளி இருட்டை இழுத்துப் போர்த்தி யாரையும் காப்பாற்றுவாள். ஆனால் அவள் முகத்தை ஒருவரும் பார்த்ததில்லை. ஒருவரும் நன்றி சொன்னதில்லை.

இந்த மாதம் அந்த அரக்கன் கோடிச்சுடர் இருளியை வெளிச்சக் கூண்டில் அடைத்துவிட்டான். இனி உலகத்தில் இரவே கிடையாது, தூக்கமில்லாத மக்கள் எல்லோரும் அவனுக்கு அடிமை என்கிறான். அதற்குக் கீழே, “அடுத்த இதழில் இருளியின் மரணம்!” என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள்.

ஐயா, அவளைக் கொல்ல வேண்டாம். எனக்குக் கணக்கு டீச்சரிடம் பயம், தெரு நாயிடம் பயம், எல்லாவற்றையும்விட இருட்டென்றால் பயம். எங்கள் வீட்டில் விளக்கைச் சீக்கிரம் அணைத்துவிடுவோம். அந்த இருட்டில் இருளி இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டுதான் கண்ணை மூடுகிறேன். அவள் செத்துவிட்டால் நான் எப்படித் தூங்குவேன்?

பதில் போட்டால் ஜோதியம்மாள் தையற்கடை விலாசத்துக்குப் போடவும். என் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

இப்படிக்கு,
பெயர் எழுதாத ஒரு வாசகி


சென்னை-1
12-9-1979

அன்புள்ள பெயரில்லாத தங்கைக்கு,

உன் மேடு பள்ளங்களில் தடுக்கி விழாமல் கடைசி வரி வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டேன்.

முதலில் ‘ஐயா’வை எடுத்துவிடு. வஜ்ரவேலனுக்கு மீசை கிடையாது. என் பெயர் ஆதிலட்சுமி. இந்த அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். தொடரை ஆரம்பித்த உண்மையான வஜ்ரவேலன், பாறையனை மலையைத் தூக்க வைத்த கையோடு சர்க்கார் வேலை கிடைத்துப் போய்விட்டார். தூக்கிய மலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாறையன் நிற்கிறானே என்று எனக்குத் தாங்கவில்லை. மறு மாதக் கதையை நானே எழுதி, “தபாலில் வந்தது” என்று முதலாளியிடம் கொடுத்தேன். ஏழு மாதமாகத் தபாலில் வந்துகொண்டிருக்கிறது. நானும் உன்னைப் போல ராத்திரியில் ஒளித்துத்தான் எழுதுகிறேன். என் ரகசியம் உன்னிடம் பத்திரம்தானே?

இருளியை நான் கொல்லவில்லையம்மா. எங்கள் முதலாளி ராமகிருஷ்ணன்தான், “இருட்டுக்குப் போய் எவனாவது சாமி வெப்பானா? வாசகருங்க சண்டை கேக்கறாங்க. அவளை முடிச்சுடச் சொல்லி அந்த ஆளுக்கு ஒரு கார்டு போடு” என்றார். எனக்கே நான் எப்படிக் கார்டு போட்டுக்கொள்வது, சொல்.

அவரை மட்டும் குறை சொல்லவும் முடியவில்லை. எனக்கும் வழி தெரியவில்லை. கோடிச்சுடர் முழுக்க வெளிச்சம். வெளிச்சத்தைக் கண்டால் இருட்டு ஓடத்தானே செய்யும்? பிறகு எப்படி ஜெயிக்கும்? இருபதாம் தேதி ஓவியரிடம் கதையைக் கொடுத்தாக வேண்டும். உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வீட்டில் ஏன் விளக்கைச் சீக்கிரம் அணைக்கிறீர்கள்?

அன்புடன்,
ஆதிலட்சுமி


திருவண்ணாமலை
15-9-1979, இரவு

அன்புள்ள ஆதிலட்சுமி அக்காவுக்கு,

நீங்கள் அக்கா என்று தெரிந்ததும் பாதிப் பயம் போய்விட்டது. மீதிப் பாதி ஜோதியம்மாள் அக்காவால் திரும்ப வந்தது. தெருவில் நின்று, “ஏ பொண்ணு, உன் ஜாக்கெட்டுக்கு மெட்ராஸ்லருந்து அளவு வந்துருக்குது!” என்று கத்துகிறார். கடிதத்தை ரவிக்கைத் துணிக்குள் சுருட்டித் தந்துவிட்டு, “படிச்சுட்டு அழுவாத, ஜாஸ்தி சிரிக்காத, ரெண்டும் வீட்ல மாட்டி உட்டுடும்” என்றார்.

விளக்கு விஷயம் சொல்கிறேன். நாங்கள் ஜைனர்கள். எந்த உயிரும் எங்களால் சாகக்கூடாது. பொழுது சாய்வதற்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடுவோம், இருட்டில் சோற்றோடு பூச்சி போய்விடும் என்று. மழை பெய்த ராத்திரிகளில் ஈசல் கூட்டமாக வந்து பல்பில் மோதி விழும். உடனே அப்பா கட்டுரை நோட்டுகளை மூடி வைத்துவிட்டு எழுந்து, ஸ்விட்சில் கை வைத்துக்கொண்டு சொல்வார்: “பூச்சிங்களா, போய்ப் படுங்க. விளக்குக்கும் தூக்கம் வருது.”

பள்ளிக்கூடமே நடுங்குகிற அப்பா, பூச்சிகளிடம் மட்டும் இந்தக் குரலில் பேசுவார். என்னிடம்கூட அப்படிப் பேசியதில்லை. கார்த்திகையில் எங்கள் மலை உச்சியில் ஏற்றும் தீபத்தைப் பார்க்க ஊரெல்லாம் திரண்டு வருகிறது. அந்த ஊரில் விளக்கை அணைக்கிற வீடு எங்களுடையது.

அதனால் எனக்கு ஒன்று தோன்றுகிறது, தப்பாக இருந்தால் திட்டக் கூடாது. இருட்டு வெளிச்சத்தை அடிக்க வேண்டியதில்லை அக்கா. கோடிச்சுடர் பிறந்த நாளிலிருந்து ஒரு நாளாவது தூங்கியிருக்கிறானா? அவனை யாராவது தூங்கச் சொல்லியிருக்கிறார்களா?

பாட்டரி மங்குகிறது. அப்பாவுடைய டார்ச் இது.

இப்படிக்கு,
உங்கள் தங்கை


சென்னை-1
24-9-1979

அன்புத் தங்கைக்கு,

உன் கடைசிக் கேள்வியைப் படித்ததும் பிழை திருத்திக்கொண்டிருந்த கல்யாணப் பத்திரிகையை அப்படியே வைத்துவிட்டேன். மாப்பிள்ளை பெயரில் இரண்டு எழுத்து தப்பாகவே அச்சாகிவிட்டது. பரவாயில்லை, இருளி பிழைத்தாள்!

கேள். கூண்டுக்குள் இருளி சண்டை போடவில்லை. கோடிச்சுடரின் கண்களைப் பார்க்கிறாள். இமையே இல்லாத, சிவந்த கண்கள். அவனைச் சுற்றி மொய்க்கும் ஈசல்களிடம், “பூச்சிங்களா, போய்ப் படுங்க. விளக்குக்கும் தூக்கம் வருது” என்கிறாள். ஓர் எழுத்தும் மாற்றவில்லை. அரக்கனுக்கு முதன்முதலாக ஒரு கொட்டாவி வருகிறது. அந்தக் கொட்டாவிக்கு மட்டும் அரைப் பக்கம். பிறகு அவன் இருளியின் மடியில் சுருண்டு தூங்கிவிடுகிறான். உலகத்துக்கு ராத்திரி திரும்பி வருகிறது. கடைசிக் கட்டத்தில் வெற்றி விருந்து: நள்ளிரவில் இருளி பத்து இட்லி சாப்பிடுகிறாள்.

முதலாளி கடைசிக் கட்டம் வரைக்கும் படித்தார். பிறகு அவரே கொட்டாவி விட்டார். “போடு” என்றார்.

அன்புடன்,
ஆதிலட்சுமி


திருவண்ணாமலை
5-10-1979, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

பெரிய ஆபத்து வந்துவிட்டது.

இதழ் வந்த இரண்டாம் நாளே ஊரில் எந்தப் பையனைப் பார்த்தாலும் அதைத்தான் சொல்கிறான். சைக்கிளில் போகிறவனைப் பார்த்துச் சொல்கிறார்கள், மாட்டைப் பார்த்துச் சொல்கிறார்கள். நேற்று அப்பா வகுப்பில் செய்யுள் நடத்தும்போது கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருவன், “பூச்சிங்களா, போய்ப் படுங்க!” என்று கத்தினானாம். வகுப்பு முழுவதும், “விளக்குக்கும் தூக்கம் வருது!” என்றதாம்.

அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. அம்மாவிடம், “நம்ம வூட்டுக்குள்ள நான் சொல்றது கடைசி பெஞ்சுக்கு எப்படிப் போச்சு?” என்று கேட்டார். அம்மா, “எனுக்கு என்னங்க தெரியும், பூச்சிங்களதான் கேக்கணும்” என்றார். அப்பா சிரிக்கவில்லை. ஒரு பையனிடமிருந்து அந்த இதழைப் பிடுங்கி வந்திருந்தார். “மெட்ராஸுக்கு எழுதறேன். இந்தக் கதையை நிறுத்தற வரைக்கும் உடமாட்டேன்” என்றார். நான் பூகோளப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

இதைவிடக் கஷ்டம் ராத்திரிதான். மழை பெய்து ஈசல் வந்தது. அப்பா எழுந்து ஸ்விட்சில் கை வைத்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டார். அந்த வார்த்தை இப்போது அவருக்கு வெட்கமாகிவிட்டது அக்கா. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஈசல்கள் விழுந்துகொண்டே இருந்தன. ரொம்ப நேரம் கழித்து அம்மாதான் அணைத்தார்.

இருளியைக் காப்பாற்றப் போய் அப்பாவின் வார்த்தையைத் திருடிக் கொடுத்துவிட்டேன். இப்போது இரண்டும் போய்விடும்.

இப்படிக்கு,
திருடி


சென்னை-1
9-10-1979

என் அன்புத் தங்கைக்கு,

திருடி நீ இல்லை. கேட்காமல் எடுத்து அச்சில் போட்டவள் நான். உன் அப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆனால் நான் எழுதினால் நீ மாட்டிக்கொள்வாய். அதனால் பேனாவைத் திறந்து திறந்து மூடுகிறேன்.

நிலைமையை மறைக்காமல் சொல்கிறேன். முதலாளி குஷியாக இருக்கிறார். இருளிக்குத் தனிப் புத்தகம் போடலாமா என்கிறார். ஆனால் வாத்தியார்கள் என்றால் அவருக்கு இன்னும் பயம். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரே ஒரு புகார்க் கடிதம் வந்தால் போதும், மறு மாதமே இருளியைத் தூக்கிவிடுவார்.

பொய்யாக ஏதாவது எழுதி உன்னைத் தப்ப வைக்கவும் என்னால் முடியும். அது எனக்குப் பழக்கம்தான். நீ என்ன சொல்கிறாயோ அப்படிச் செய்கிறேன். ஆனால் நானும் எட்டு மாதமாக ஒளிந்திருக்கிறேன், அலுத்துவிட்டது. என்றைக்காவது நீ உன் பெயரை எழுதினால், அன்றைக்கு நானும் முதலாளியிடம் போய், “வஜ்ரவேலன் நான்தான்” என்று சொல்லிவிடுகிறேன். இது சத்தியம்.

அன்புடன்,
ஆதிலட்சுமி


திருவண்ணாமலை
14-10-1979, ஞாயிறு, பகல் பதினொரு மணி

அன்புள்ள ஆதிலட்சுமி அக்காவுக்கு,

வரிகள் நேராக இருப்பதைப் பார்த்தீர்களா? மேஜையில் வைத்து எழுதுகிறேன். ஜன்னல் திறந்திருக்கிறது. மலை தெரிகிறது.

வெள்ளிக்கிழமை ராத்திரி மறுபடியும் மழை, மறுபடியும் ஈசல். அப்பா நோட்டுகளை மூடிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஓர் ஈசல் இறக்கை உதிர்ந்து அவர் சட்டை மேல் ஊர்ந்தது. அதை விரலில் ஏற்றி நிலைப்படியில் விட்டுவிட்டு வந்தார். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தாங்கவில்லை. எழுந்து போய் ஸ்விட்சில் கை வைத்தேன். “பூச்சிங்களா, போய்ப் படுங்க. விளக்குக்கும் தூக்கம் வருது” என்று நானே சொல்லி அணைத்துவிட்டேன்.

கும்மிருட்டு. அப்பா முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவருக்குத் தெரியவில்லை. இருளியின் சக்தி இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பூகோளப் புத்தகம், தையற்கடை, ரவிக்கைத் துணி, உங்கள் கடிதங்கள், எல்லாம். கடைசியில், “அப்பா, அவள சாவடிக்கப் பாத்தாங்க. எனுக்கு உங்க வார்த்தைதான் ஞாபகம் வந்துச்சு” என்றேன்.

பிறகு அப்பா குரல் வந்தது. “டார்ச்சு பாட்டரி கட்டை தீந்து தீந்து போவுதுன்னு கடைக்காரனோட ரெண்டு தடவ சண்டை போட்டேனே!”

அம்மா இருட்டில் களுக்கென்று சிரித்துவிட்டார்.

“அந்தக் கதைய முழுசாப் படிச்சேன்” என்றார் அப்பா. “புகார் எழுதத்தான் படிச்சேன். அரக்கன மடியில போட்டுத் தூங்க வெக்கிறா. அடிக்கல, குத்தல. யாரு சொன்ன யோசனை?”

“நான்தாம்பா.”

அப்பா நாற்காலியை என் பக்கம் நகர்த்தும் சத்தம் கேட்டது.

“எல்லாம் சரி. கடைசியில தப்பு பண்ணிட்டியே. நடு ராத்திரியில பத்து இட்லி தின்றாளே, அவ எப்படி நம்ம வூட்டுப் பொண்ணு ஆவா? பொழுது சாயறதுக்கு முந்தி சாப்பிட்டுடச் சொல்லு.”

பூச்சிகளிடம் பேசுகிற அதே குரலில் சொன்னார் அக்கா!

நேற்று சனிக்கிழமைச் சிறப்பு வகுப்பில் கடைசிப் பெஞ்சு மறுபடியும் கத்தியதாம். அப்பா திரும்பி நின்று, “முதல்ல சொன்னவன் நான்தான்டா. சொல்றதுன்னா ஒழுங்கா சொல்லு, அது கத்தறதுக்கு இல்ல” என்று அவர்களை மெதுவாகச் சொல்ல வைத்தாராம். நாற்பது பையன்கள் தாலாட்டு மாதிரி சொன்னார்களாம். ஒருவன் நிஜமாகவே தூங்கிவிட்டான், அவனை மட்டும் பெஞ்சு மேல் ஏற்றினாராம்.

புகார்க் கடிதம் வராது. ஆனால் இட்லியைப் பற்றி அப்பா உங்களுக்குத் தனியாக நான்கு பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார். பயப்படாதீர்கள், மூன்று பக்கம் பாராட்டு.

இனிமேல் வீட்டு விலாசத்துக்கே எழுதுங்கள். ஜோதியம்மாள் அக்காவுக்குத்தான் வருத்தம். “எனுக்கு யாரு இனிமே கதை சொல்றது?” என்கிறார். அவருக்கு ஒரு இதழ் அனுப்புங்கள்.

என் பெயரைக் கீழே எழுதியிருக்கிறேன் அக்கா. இனி உங்கள் முறை. முதலாளியிடம் போய்ச் சொல்லுங்கள். பயமாக இருந்தால் முதலில் விளக்கை அணைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை,
ஜி. குசுமாவதி
த/பெ ஜினதாசன், தமிழாசிரியர்
திருவண்ணாமலை