புருஷன் பெயர் வரும் இடம்

உன் நோட்டைப் பிரித்தாலே தும்மல் வருகிறது. உங்கப்பாவின் மூக்குப்பொடி பக்கத்துக்குப் பக்கம் ஒட்டியிருக்கிறது. எல்லோரும் தூங்கும்போது நான் தும்மி, அம்மா எழுந்து வந்தால் என் கதி என்ன? செத்துப்போன பிறகும் என்னை மாட்டிவிடாமல் இருக்கமாட்டாயா?

நாளை பள்ளிக்கூடத்தில் நம் நாடகம். போன நூற்றாண்டில் இங்கிலீஷில் எழுதிய ஓரங்கச் சிரிப்பு நாடகம் என்று சாந்தோம் மணலில் உட்கார்ந்து நீதான் சொன்னாய். முதலில் துரைமார்கள் ஆடினார்களாம். போலீஸ்காரர் வீட்டுக்காரரையும் திருடனையும் சேர்த்துப் பிடித்துவிடுகிறார். இருவரும் "அது என் வீடு" என்கிறார்கள். போலீஸ்காரர் அந்த வீட்டுக்கு வந்து புருஷன் பெயரைக் கேட்கிறார். துரைசானி சொல்கிறாள். திருடனுக்கும் அதே பெயர், அதுதான் குழப்பம்.

பிறகு மயிலாப்பூர் வக்கீல்கள் அதைத் தமிழில் போட்டார்கள். திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக்கொடுத்தவர் உங்கப்பா. ஒரே பெயர் இருவருக்கு என்ற வித்தையெல்லாம் இங்கே தேவைப்படவில்லை. நம் ஊர்ப் பெண் பெயரைச் சொன்னால்தானே! "மலைமேல நிக்கிறவர்" என்று ஜாடை காட்டுவாள். "வெங்கடாசலமா?" என்பார் போலீஸ்காரர். "இல்லை, கையில வேல் வச்சிண்டிருப்பார்." "ஓ, வேலாயுதமா!" வேலாயுதம்தான் திருடன். அவனை விட்டுவிடுவார். பெண்வேஷம் கட்டிய குமாஸ்தா நெளிந்தால் கொட்டகையே அதிருமாம். கடைசியில் மாமியார் வந்து, "சுப்பிரமணியம்" என்று சொல்ல, திரை விழும்.

நம் பள்ளிக்கூடத்துக்காக அதைத் திருப்பி எழுதி, பொண்டாட்டி வேஷத்தை எனக்குக் கொடுத்தாய். அதோடு விட்டிருக்கலாமே நீ?

"மாமியார் எதுக்குடி? பொண்டாட்டியே கத்திச் சொல்லட்டும்" என்றாய்.

"ஐயையோ, நானா? எங்காத்துல தோலை உரிச்சுடுவா."

"புருசன் பேரச் சொன்னா நாக்கு அழுகிடுமா இன்னா? எங்கம்மா கோவம் வந்தா எங்கப்பாவைப் பேர் சொல்லித்தான் கூப்புடுது. அவரு நல்லாத்தான் கீறாரு."

எனக்கு நிச்சயமான செய்தியை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். அவர் பெயரை நான் வாயால் சொல்லவில்லை. மணலில் எழுதிக் காட்டி உடனே அழித்தேன். நீ என்ன செய்தாய்? அதுவும் முருகன் பெயராக வாய்த்தது உனக்கு வசதியாகப் போயிற்று. சுப்பிரமணியத்தை அடித்துவிட்டு அந்தப் பெயரை எழுதினாய். நான் கெஞ்சினேன். "சும்மா உன் மூஞ்சி எப்படிப் போவுதுன்னு பார்க்கத்தான். அடுத்த வாரம் மாத்திடறேன்" என்று சிரித்தாய்.

அடுத்த வாரம் உனக்கு டைபாய்டு. மாற்ற நீ வரவேயில்லை.

இப்போது டீச்சர், "அவ கடைசியா எழுதினது. ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாது" என்கிறார். அழுத கண்ணோடு சொல்பவரிடம் நான் என்ன சொல்ல? ஒத்திகையில் அந்த இடம் வரும்போதெல்லாம் இருமினேன். "நாளைக்கு இருமாதே" என்று கஷாயம் வேறு கொடுத்தனுப்பியிருக்கிறார். எனக்கு நிச்சயமானவருடைய தங்கை நம் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். அவள் அம்மாவை அழைத்து வருகிறாள். முன்வரிசை. அந்த மாமி காதில் விழும்படி மேடையில் நான் அவர் பிள்ளையின் பெயரைக் கத்த வேண்டும். நிச்சயம் முறிந்தால் அப்பாவுக்கு நீயா பதில் சொல்வாய்?

அந்தப் பெயரை அடித்துவிடத்தான் இன்று விளக்கை ஏற்றினேன். பேனாவை வைக்கப் போனால், பக்கத்தின் ஓரத்தில் உன் கோணல் எழுத்து: "இங்கே குனியாதே. நிமிர்ந்து சொல்."

செத்தும் அதிகாரம்!

போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். ஒரு தடவை. பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாக. நாக்கு ஒன்றும் அழுகவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

ஆனால் திரை விலகுவதற்கு முன், நாடகத்தை எழுதியது யார் என்று சபைக்குச் சொல்லும் வேலையையும் டீச்சர் என்னிடமே கொடுத்திருக்கிறார். நீ போன நாளிலிருந்து உன் பெயர் என் வாயில் வரவில்லை. அதற்குத்தான் இன்னும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.