தைத்து மூடிய விடைகள்

அன்பு மாறாத என் பெரியண்ணாவுக்கு,

அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சரியாக எழுதிவிடுகிறேன். மேசைக்கு அங்கால் ஓர் அதிகாரி. கதவடியில் துவக்கோடு ஒரு சிப்பாய். சுவரோர நீள வாங்கில் என் மனிசன், உங்கள் மச்சான். அவருடைய சேட்டில் ஒரு பொத்தான் அறுந்திருந்தது. மேசைக்கு இங்கால் நான். எனக்குப் பக்கத்தில், சிங்களம் பேசத் தெரியும் என்பதால் கூட வந்த அடுத்த வீட்டு றஹீமா அக்கா. மேசையின் நடுவில் நீங்கள் அனுப்பிய ஸ்பானியப் புதிர்ப் புத்தகம். அது அங்கே கிடந்ததால் உங்களையும் ஓர் ஆளாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். ஆறு பேர்.

இந்தக் கதையை உங்களுக்குச் சொல்ல முடியாமல் போனது. அதனால் இப்போது எழுதுகிறேன்.

புத்தகத்தை எந்தத் துறைமுகத்தில் வாங்கினீர்களோ தெரியாது. வரிக்கு வரி கலைந்து கிடக்கும் எழுத்துகள். ஒழுங்காக அடுக்கினால் ஒரு ஸ்பானியச் சொல். முன்பக்கங்களில் சின்னப் படங்கள் இருந்தன, பிறகு அதுவும் இல்லை. விடைகள் இருந்த கடைசிப் பக்கங்களைக் கப்பற்பாய் தைக்கும் நூலால் தைத்து மூடி அனுப்பியிருந்தீர்கள். "நான் வந்தாப்பிறகு ரெண்டு பேருமாப் பிரிப்பம். அதுவரைக்கும் கள்ளவேலை இல்லை" என்று எழுதினீர்கள். நான் அம்மன் படத்தின் முன் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணினேன்.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஊரடங்கு நாட்களில் சோறு வடித்துவிட்டு, பழைய கலியாண அழைப்புக் காட்டுகளைச் சதுரம் சதுரமாக வெட்டி எழுத்தெழுதி ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைத்தேன். கொப்பியில் நான்கு நிரல்: கலைந்த எழுத்து, என் சொல், அனுப்பிய திகதி, உங்கள் சரி பிழை. பத்துப் பத்தாக அனுப்புவேன். மாதக்கணக்கில் காத்திருந்தால் உங்கள் சிவப்புக் கோடுகள் வரும். பிழைகளில்தான் அதிகம் படித்தேன். எந்த எழுத்து எதற்குப் பக்கத்தில் நிற்கும், எது சொல்லின் கடைசிக்கு வரவே வராது என்றெல்லாம் கணக்கு வைத்தேன்.

ஒரு நாள் 'மேசா' என்று வந்தது. பக்கத்தில் மேசைப் படம். நான் முழங்கை ஊன்றி இருந்ததும் மேசைதான். பிறகு 'கொசினா' வந்தது, குசினி. இரண்டும் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுப்போன சொற்கள், அவர்களும் ஸ்பானியரும் அடுத்தடுத்த வளவுக்காரர், சொற்களும் வேலி தாண்டும் என்று நீங்கள் எழுதினீர்கள். எங்கள் மலைக்கோயிலை இடித்துக் கடலில் தள்ளியவர்கள், என் குசினிக்கு ஒரு பெயரை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்று அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் இருந்தேன்.

இனி என் பிழைக்கு வருகிறேன். எப்போதும் கடிதத்துக்குள், தமிழ் விளக்கத்தோடுதான் விடைகளை எழுதுவேன். அந்த முறை தாள் தட்டுப்பாடு. இலக்கம், கலைந்த எழுத்து, என் சொல் மட்டும் ஒரு துண்டில் எழுதி மடித்துக் கொடுத்தேன். உங்கள் மச்சான் அதைச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு தபாற்கந்தோருக்குப் போனார். துறைமுக வீதிச் சோதனைச் சாவடியில் அதை எடுத்து விரித்தார்கள். பாசை தெரியாத எழுத்தும் இலக்கமும். அவர்கள் என்னவென்று நினைப்பார்கள்? "மனிசியின்ர விளையாட்டு" என்று இவர் சொன்னாராம்.

இவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் என்று கூடப் போனவர் ஓடி வந்து சொன்னார். எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடுகளில் அப்படிக் கொண்டுபோனவர்கள் இன்னும் திரும்பவில்லை, அண்ணா. றஹீமா அக்காதான் தோளைப் பிடித்து உலுக்கினா.

"அழுவுறத்துக்கு இப்ப நேரமில்ல புள்ள. அந்தப் பொத்தகத்த எடு, கொப்பிய எடு. நட."

சாவடிக்குப் பின்னால் இருந்த அந்த அறையில் அதிகாரி புத்தகத்தைப் பிரட்டினார். தைத்த பக்கங்களில் கை நின்றது.

"இத ஏன் தைச்சி வெச்சிருக்கெண்டு கேக்கிறாரு."

"விடை அக்கா. அண்ணாதான் தைச்சவர்."

"வெட்டப் போறாராம்."

வாங்கில் இருந்த உங்கள் மச்சானைப் பார்த்தேன். அவர் குனிந்தபடி இருந்தார். தலையாட்டினேன். பிளேட் நூலில் பட்டதும் சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"உனக்கென்ன பேயா பிடிச்சிருக்கு? மூஞ்சிய மூடினா இன்னும் சந்தேகம் வரும்!"

"பாக்க ஏலாது அக்கா. அண்ணாவுக்குச் சத்தியம் பண்ணினனான்."

றஹீமா அக்கா அதையும் பெயர்த்துச் சொன்னா. நான் தலைப்பை விலக்கியபோது, கடுதாசிச் சீட்டு விளையாடுகிறவர் மாதிரி அதிகாரி அந்தப் பக்கங்களைத் தன் பக்கம் திருப்பி, எனக்குத் தெரியாமல் மறைத்துப் பிடித்திருந்தார். நான் இன்னும் எட்டாத ஒரு பக்கத்தில், படமில்லாத ஒரு வரியில் விரலை வைத்தார்.

O T A Z P A.

தகரப் பெட்டியைத் திறந்தேன். சிப்பாய் துவக்கை மாற்றிப் பிடித்தான். ஆறு துண்டுகளையும் அடுக்கினேன். ஒன்று கை தவறி நிலத்தில் விழ, அவனே எடுத்துத் தந்தான். 'அம்மாளாச்சி, எழுத்தைக் காட்டு' என்று கேட்டேன். O கடைசிக்குப் போகும் என்றது என் கொப்பிக் கணக்கு. Z-க்குப் பக்கத்தில் ஒரு A. மிச்சம் தானாக நகர்ந்தது போல இருந்தது. ZAPATO. நீங்கள் சொல்லித் தந்தபடி Z-ஐச் சகரமாக வாசித்தேன்.

"சபாத்தோ."

சிப்பாய் தன் பூட்ஸ் காலைப் பார்த்தான். "சப்பத்து?" என்றான் சிங்களத்தில், ஒருவரும் கேட்காமலே.

"யா அல்லாஹ், சப்பாத்து!" என்றா றஹீமா அக்கா.

அதிகாரி விடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இன்னொரு வரியைக் காட்டினார். ஏழு எழுத்து. இந்த முறை நேரம் எடுத்தது. ARMARIO என்று நான் வைத்து முடித்து வாசித்தபோது, பெயர்த்துச் சொல்ல ஆள் தேவைப்படவில்லை. மூலையில் நின்ற இரும்பு அலுமாரியை அவரே கையால் காட்டினார்.

"இந்தப் பாசை தெரியுமா எண்டு கேக்கிறாரு."

"தெரியாது."

"அப்ப எப்பிடியாம்?"

"எழுத்தெல்லாம் அங்கதான் இருக்கு அக்கா. இடம் மாறி நிக்குது, அவ்வளவுதான்."

அவர் விடைப் பக்கங்களை மூடி, அதன் மேல் கையை வைத்தபடியே புத்தகத்தை என்னிடம் தள்ளினார். என் விடைத் துண்டை ஓர் உறைக்குள் போட்டு ஒட்டி, மேலே ஒரு முத்திரை குத்தினார். உங்கள் மச்சானை எழும்பச் சொன்னார்.

வீதிக்கு வந்த பிறகுதான் இவருக்கு வாய் திறந்தது. "உன்ர கொண்ணனுக்கு எழுது. அடுத்த முறை பிஸ்கற் அனுப்பச் சொல்லு." றஹீமா அக்கா சிரித்துச் சிரித்து மதிலைப் பிடித்துக்கொண்டா. நான் அப்போதுதான் அழுதேன்.

அன்று பின்னேரமே, பார்வையை ஒதுக்கிக்கொண்டு, கறுப்பு நூலால் அந்தப் பக்கங்களைத் திரும்பத் தைத்தேன். மறுநாள் கடிதமும் போனது.

பிறகு வந்தது, கப்பல் கம்பனி அனுப்பிய உங்கள் பெட்டி. அதற்குள் என் கடிதம், முத்திரையோடு, உடைக்காமல். தூரத்துத் துறைமுகத்தில் காய்ச்சலில் நீங்கள் கண்மூடிய திகதியைக் கொப்பியோடு வைத்துப் பார்த்தேன். நான் அந்த மேசையின் முன் இருந்தபோது நீங்கள் போய்ப் பதினொரு நாள். அப்படியென்றால் ஆறாவது ஆளாக யாரை எண்ணினேன்? அந்த எழுத்துகளை நகர்த்தியது யார்? மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டேன். அந்தக் கணக்கில் ஆள் குறையவே இல்லை. அதற்கு என்ன பெயர் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. கும்பிடத்தான் தெரிகிறது.

இங்கே சண்டை ஓயவில்லை. றஹீமா அக்கா இப்போது பின்னேரங்களில் வந்து எழுத்துத் துண்டுகளை அடுக்குகிறா. எனக்கு முந்தி முடித்தால் வலு புழுகம், கை தட்டிச் சிரிப்பா. அந்தச் சிப்பாய் சாவடியில் நிற்கும் நாளில் என்னைக் கண்டால் "சபாத்தோ" என்கிறான். நானும் தலையாட்டிவிட்டுப் போகிறேன்.

அந்தத் துண்டில் இருந்த பத்துச் சொல்லுக்கும் நான்காவது நிரல் வெறுமையாகக் கிடக்கிறது. எட்டு சரிதான் என்று நினைக்கிறேன். இரண்டில் சந்தேகம். விடைகள் கைக்கெட்டும் தூரத்தில், கறுப்பு நூலுக்குள். "இனி யாருக்காகக் காக்கிறாய், வெட்டிப் பாரன்" என்கிறார் இவர். மாட்டேன் அண்ணா. ரெண்டு பேருமாப் பிரிப்பம் என்றுதானே சொன்னீர்கள். நான் உங்களிடம் வரும் நாளில் புத்தகத்தை என்னோடு வைத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

அதுவரை பொறுக்க எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த இரண்டு சொல்லும் சரியோ பிழையோ? கனவிலோ எப்படியோ, கெதியாய் ஒரு பதில் போடுங்கோ.

உங்கள் ஒரே தங்கச்சி,
புவனம்
திருகோணமலை